தாழ்ப்பாள் யாருக்காக?

கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. பெட்டிக்குப் பூட்டு உண்டு. ஒரு நொடியில் மனித உயிரை மாய்க்கவல்ல கைத்துப்பாக்கிக்கு மட்டும் தாழ்ப்பாள் வேண்டாமாம்! இப்படிச் சொல்வோர் விவரமறியாதவர்களாயின் நாம் நகைத்துவிட்டு நகர்ந்திருப்போம். ஆனால் துப்பாக்கியைப் பிடித்துப் பழகியவர்களே, தற்காப்புக்காக அதை இடுப்பில் செருகிக்கொண்டு திரிபவர்களே, அவ்வாறு வாதிடுகின்றனர். ஆகவே அவர்கள் வாதத்தைச் செவிமடுத்துப் பின்னர் நம் கருத்தைக் கூறுவதே முறையாகும்.

இப்பொழுது எதற்கு இந்தப் பேச்சு என்று வாசகர் வினவலாம். 2024ஆம் ஆண்டின் இறுதியில், தற்காப்புக்கென அனுமதிப்பத்திரம் பெற்றோர் தம் துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்க வேண்டுமென்று பாதுகாப்பு அமைச்சு பணித்தது. நவம்பர் 7 கெடுநாள் என்றார்கள். அந்நாள் பின்னர் நீட்டப்படவும் செய்தது. ஓராண்டு கழிவதற்குள், 2025 அக்டோபர் 22ஆம் நாள், வெலிகம பிரதேச சபையின் தலைவர் தம் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தற்காப்புத் துப்பாக்கி வேண்டும் என்ற குரல் மறுபடியும் எழுந்தது. அட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் தொழிற்சங்கப் பிரமுகர், வர்த்தகர், தோட்டத்து அதிகாரி என்று மூவர் கூடினால் இந்தப் பேச்சு இல்லாமற் போவதில்லை. யாருக்குத் துப்பாக்கி கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதே அங்கே விவாதம். எத்தகைய துப்பாக்கி என்ற கேள்வியை எழுப்புவாரைக் காணோம்.

தாழ் என்று நாம் சொல்வது, கட்டைவிரலால் தள்ளும் ஒரு சிறு விசை. சிப்பாய்கள் அதைச் ‘சேப்டி’ என்பர். அதைப் பூட்டி வைத்தால் குதிரையை இழுத்தாலும் வேட்டு வெடியாது. ரிவோல்வர் என்ற சுழல் துப்பாக்கிக்குப் பெரும்பாலும் இந்த விசை இல்லை. அதன் குதிரை நீண்டு, கனத்து வருவதே அதற்குக் காவல். வெள்ளைக்காரத் துரைமார் காலத்து வெப்லி ரிவோல்வருக்கும் தாழ் கிடையாது. 1959 செப்டெம்பர் 25இல் ரொஸ்மீட் பிளேஸ் இல்லத்தில் பிரதமர் பண்டாரநாயக்காவைச் சுட்ட சோமராமனின் காவியுடைக்குள் மறைந்திருந்ததும் ஒரு வெப்லிதான். 2025 பெப்ரவரியில் புதுக்கடை நீதிமன்றத்துக்குள் சட்டப் புத்தகத்தின் நடுப்பகுதியை வெட்டி ஒளித்துக் கொண்டுவரப்பட்டதும் ரிவோல்வரே. அன்று காவியுடை, இன்று சட்டப் புத்தகம்! கொலைகாரன் ஒளித்து வைக்கும் இடத்தைத் தேர்வதில் என்ன பொருத்தம் பாருங்கள்! நிற்க.

பிஸ்டல் என்பது வேறு சாதி. அதன் குதிரை இலேசானது. ஒரு வேட்டு வெடித்ததும் அடுத்த ரவை தானே ஏறிக்கொள்ளும். 1911இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் பிஸ்டலுக்குக் கட்டைவிரல் தாழ் வந்த கதை சுவையானது. கேட்டது குதிரைப்படை. ஒரு கையில் கடிவாளம், மறு கையில் சுடத் தயாரான பிஸ்டல், கீழே மிரளும் குதிரை. அந்நிலையில் ஆயுதத்தை உறைக்குள் போட வேண்டியவனுக்குத் தாழ் வேண்டுமல்லவா? சோவியத் நாட்டின் டோக்கரெவ் பிஸ்டலோ தாழின்றியே பிறந்தது. சுத்தியலைப் பாதி ஏற்றி நிறுத்துவதே அதற்குப் பாதுகாப்பு. அதைப் பார்த்துச் சீனா செய்த 54ஆம் வகைப் பிஸ்டலும் அவ்வாறே. 1982இல் ஒஸ்திரிய இராணுவம் ஏற்ற கிளொக் பிஸ்டல் புதுவழி கண்டது: வெளியே தாழில்லை, குதிரையின் நடுவே சிறு நாக்கு ஒன்று, விரல் அதை அழுத்தினால்தான் குதிரை அசையும். துப்பாக்கி கீழே விழுந்தால் வெடிக்காதிருக்க உள்ளே தடைகள் உண்டு. ஆனால் குதிரையில் பட்டது விரலா, சட்டை நுனியா, குழந்தையின் கையா என்று அந்த நாக்கு விசாரிப்பதில்லை.

அண்மையில் நுவரெலியாவில் ஓய்வுபெற்ற துரை ஒருவரைச் சந்தித்தோம். நம்மவரே, தேயிலையில் முப்பது ஆண்டுகள் கழித்தவர். 1987 முதல் 1989 வரையிலான பயங்கர நாட்களில் கைத்துப்பாக்கியைத் தலையணைக்கடியில் வைத்து உறங்கியவர். தாழ் வேண்டாம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அவர் சொன்னதன் சாரம் இது: நள்ளிரவில் கதவு உடைபடும்போது மனிதனின் விரல்கள் மரத்துப் போகின்றன. காது அடைக்கிறது, கண் ஒன்றையே பார்க்கிறது. அந்நேரம் நுண்ணிய விசையொன்றைத் தேடித் தள்ளு என்றால் கை கேட்குமா? தள்ள மறந்தவன் செத்தான். அதோடு, எல்லாத் துப்பாக்கிக்கும் தாழ் ஒரே பக்கம் திரும்புவதில்லை. கோல்ட்டுக்குக் கீழே தள்ளினால் சுடலாம். இத்தாலியப் பெரெட்டாவுக்கோ கீழே தள்ளினால் பூட்டு, மேலே தள்ளினால் சுடலாம். ஒன்றில் பழகியவன் கையில் மற்றொன்றைக் கொடுத்தால், தன்னைக் காத்துக்கொள்ளும் நேரத்தில் தன் துப்பாக்கியைத் தானே பூட்டிக்கொண்டு நிற்பான்!

இவ்வாதத்தில் உண்மை இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையன்று. பழக்கமில்லாதவன் கையில் தாழ் உள்ள துப்பாக்கி ஒரு இரும்புத் துண்டே.

ஆயின், அதே வீட்டில் அன்று சமையலறை அப்புவாக இருந்த முதியவர் நமக்குத் தேநீர் கொண்டுவந்தார். துரை உள்ளே சென்ற வேளையில் தணிந்த குரலில் அவர் சொன்ன சொற்களை அப்படியே தருகிறோம்: “தலகாணிக்குக் கீழதாங்க வச்சிருப்பாரு. காலையில மெத்தையத் தட்டிப் போடுறப்ப எனக்கு நெஞ்சு படக்குப் படக்குன்னு அடிக்கும். எந்தப் பக்கம் தொடலாம், எந்தப் பக்கம் தொடக்கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லித் தரல்லீங்க.”

துரையின் வாதம் முழுவதும் ஓர் இரவைப் பற்றியது. கதவு உடைபடும் அந்த இரவு அவர் வாழ்வில் வரவேயில்லை. மெத்தை தட்டிப் போட்ட காலைகளோ ஆயிரத்துக்கு மேல். அந்த ஆயிரம் காலைகளிலும் ஆபத்தைச் சுமந்தவர் யார்? துப்பாக்கியின் சொந்தக்காரரா? தற்காப்பு என்ற சொல்லில் ‘தன்’ என்பது யாரைக் குறிக்கிறது என்று நாம் கேட்பது இதனால்தான். தாழின்மையால் வரும் அரைநொடி ஆதாயம் உடையவனுக்கு. தாழின்மையால் வரும் விபத்து அருகிலிருப்பவனுக்கு. தோட்டத்துப் பங்களாவில் அருகிலிருப்பவர் யாரென்று சொல்லவும் வேண்டுமோ? அப்பு, ஆயா, தோட்டக்காரன், சாரதி, அவர்களோடு ஒட்டிக்கொண்டு வரும் லயத்துப் பிள்ளைகள்.

மலைநாட்டில் துப்பாக்கிக்கு ஒரு வரலாறு உண்டு. 1900இல் தொடங்கி 1949இல் கலைக்கப்பட்ட தோட்டத் துரைமாரின் துவக்குப் படை ஒன்று கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு இருந்தது. கொழுந்து பறிப்போர் ஆயிரம், மேலே துரை ஒருவர் என்ற அமைப்பில், அந்த ஒருவரின் ஆயுதம் வெறும் தற்காப்புக் கருவியாக மட்டும் இருந்ததில்லை. பிரட்டுக் களத்தில் இடுப்பில் தெரியும் தோலுறையே ஒரு கட்டளையாக இருந்தது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் பொலிசாரின் குண்டுக்குப் பலியானான். 1941இல் ஸ்டெலன்பேர்க் தோட்டத்துத் துரை போப் கொல்லப்பட்டார். அதற்காகத் தொழிலாளர் இருவர் மறு ஆண்டு தூக்கிலேற்றப்பட்டனர். 1977 மே 11இல் டெவன் தோட்டத்தில், காணி பறிபோவதை எதிர்த்து எழுந்த கூட்டத்தில், சிவனு லெட்சுமணன் பொலிசாரால் சுட்டுக் கொல்லப்பட்டான்.

கோவிந்தனையும் லெட்சுமணனையும் எந்தத் தாழும் காத்திருக்க மாட்டாது. மனமறிந்து நீளும் துவக்கை விசையொன்று தடுக்காது; தாழ் தடுப்பது தவறுதலை மட்டுமே. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது பேதைமை. ஆனால் தவறுதலால் போகும் உயிர் உயிரல்லவா? மழை வழுக்கும் மலைப்பாதையில், மோட்டார்ச் சைக்கிளில், இடுப்பில் பிஸ்டலோடு மேலும் கீழும் போய்வரும் சின்னத்துரையின் நிலை, அன்றைய குதிரைவீரனின் நிலையிலிருந்து எவ்வளவு தூரம்? சம்பளத் தகராறில் அலுவலக வாசலில் கூட்டம் நெருக்கியடிக்கும்போது, தோளோடு தோள் இடிபடும்போது, உறைக்குள் இருப்பது பூட்டியதா பூட்டாததா என்பது சின்ன விஷயமா?

உலக அனுபவத்தையும் பார்ப்போம். நியூயோர்க் பொலிசார் கிளொக் பிஸ்டலை ஏற்றபோது, தாழில்லாத குறையை உணர்ந்து, சாதாரணமாக ஐந்தரை இறாத்தல் விசையில் இயங்கும் குதிரையைப் பன்னிரண்டு இறாத்தலாகக் கனக்கச் செய்தனர். கனத்த குதிரையால் குறி தவறுகிறது என்ற முறைப்பாடும் கூடவே வந்தது. 2017இல் அமெரிக்க இராணுவம் புதிய பிஸ்டலைத் தேர்ந்தபோது தாழ் கட்டாயம் வேண்டுமென்றது. அதே பிஸ்டல் அங்குள்ள வெளிச்சந்தையில் தாழின்றியும் விற்கப்படுகிறது. தினமும் பயிற்சி பெறும் சிப்பாய்க்குத் தாழ். ஆண்டுக்கொருமுறை அலுமாரியைத் திறந்து பார்ப்பவருக்குத் தாழில்லை! இதைவிடத் தலைகீழான நியாயம் உண்டோ? சிப்பாயின் கை பழகும் என்று நம்பித்தானே அவனுக்குத் தாழைக் கொடுத்தனர்? அப்படியாயின் துரையின் கையும் பழகட்டும். பழக நேரமில்லை என்பவருக்குத் துப்பாக்கி சுமக்கவும் நேரமில்லை என்றே நாம் கருதுவோம்.

தாழில்லாத பிஸ்டலே கைவசமுள்ளவர் என்ன செய்வது? வழி இருக்கிறது. குழலறையில் ரவை ஏற்றாமல், ரவைக்கூட்டை மட்டும் பொருத்திச் சுமப்பது. ஆபத்து நேரத்தில் மேற்பகுதியைப் பின்னிழுத்து விட்டால் ரவை ஏறிவிடும். இஸ்ரவேலர் பயின்ற முறை என்றே இதற்குப் பெயர். ஒரு நொடி தாமதமாகும், உண்மைதான். இரண்டு கையும் வேண்டும், அதுவும் உண்மை. அந்தத் தாமதத்தை, ஆயுதம் வேண்டுமென்று விண்ணப்பித்தவர் ஏற்கட்டும்; விண்ணப்பிக்காத அப்பு ஏன் ஏற்க வேண்டும்?

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்னும் நம்மை ஆள்கிறது. 1996இல் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கினர். அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. அவ்வாறு புதுப்பிக்க வரும் தற்காப்புத் துப்பாக்கிக்காரரிடம் மூன்று காரியங்களைக் கேட்குமாறு நாம் பாதுகாப்பு அமைச்சை வற்புறுத்துகிறோம். உமது பிஸ்டலுக்குத் தாழ் உண்டா? உண்டாயின் அதிகாரியின் முன்னிலையில், கண்ணை மூடிக்கொண்டு, அதைப் பூட்டித் திறந்து காட்டும். இல்லையாயின் வெற்றறையோடு சுமப்பதாகக் கையொப்பமிடும். மூன்றாவது, வீட்டில் வேலை செய்வோருக்கு அது எங்கே இருக்கிறது, எதைத் தொடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தீரா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதிலை உடையவரிடம் மட்டும் கேட்டால் போதாது. வேலைக்காரரையும் அழைத்துக் கேட்க வேண்டும்.

நாம் விடைபெற்றபோது, இப்போது அந்தத் துப்பாக்கி எங்கே என்று துரையிடம் வினவினோம். அரசாங்கத்திடம் ஒப்படைத்தாயிற்று என்றார். திரும்பத் தருவார்களா என்ற கவலை அவர் குரலில் இருந்தது. தேநீர்த் தட்டை எடுக்க வந்த முதியவர் ஒன்றும் பேசவில்லை.