மலை காப்பவனுக்கு என்ன கூலி?

சண்டிகருக்குப் படிக்க வந்த தமிழ் மாணவர் எவரும் சுக்னா ஏரியைக் காணாமல் ஊர் திரும்புவதில்லை. மாலைக் காற்று வாங்குகிறோம், படகு விடுகிறோம், படம் எடுத்து வீட்டாருக்கு அனுப்புகிறோம். அந்த ஏரி இன்னும் ஏரியாக இருப்பதற்கு யார் காரணம் என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டாலும், இந்நகரைக் கட்டிய பெரியோர்களின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்வோம். அது பாதி உண்மை.

சிவாலிக் குன்றுகளிலிருந்து இறங்கும் ஓடையை மறித்து 1958-இல் இவ்வேரியை அமைத்தனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் அதன் கொள்ளளவில் பாதிக்கு மேல் வண்டல் நிறைந்துவிட்டது. தூர் வாரினால் அடுத்த மழையில் மீண்டும் மண் வந்து சேரும். இந்த மண் எங்கிருந்து வருகிறது என்று தேடிக் குன்றேறியவர் மண்வள ஆய்வாளர் பி. ஆர். மிஸ்ரா. ஆடுமாடுகள் மேய்ந்து மொட்டையாகிப்போன சரிவுகளை அவர் கண்டார். அச்சரிவுகளை நம்பி வாழ்ந்தது சுகோமாஜ்ரி என்னும் சிற்றூர்.

"மேய்க்காதே" என்று அறிவிப்புப் பலகை நட்டிருக்கலாம். அரசுக்கு எளிய வழி அதுதான். பசித்த ஆட்டுக்கும் அதை வளர்ப்பவனுக்கும் பலகை ஒரு பொருட்டா? 1976-இல் ஊருக்கு மேலே சிறு மண்ணணை ஒன்று எழுந்தது. அதில் தேங்கிய நீர் வயலுக்குப் பாய்ந்தது. அதனால் நிலமுடையவன் வயிறு நிறையும். நிலமற்றவன் எதற்காக மேய்ச்சலை விட வேண்டும்? நியாயமான கேள்வி அன்றோ? இதற்கு அங்கே கண்ட விடை அழகானது. நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீரில் சம பங்கு என்று விதி செய்தனர். நிலமற்றவன் தன் பங்கைப் பிறருக்கு விற்கலாம். குன்றில் விளையும் பாபர் புல்லையும், குத்தகைக்காரருக்கு ஏலம் விடுவதை நிறுத்தி, ஊர்ச் சங்கத்துக்கே குத்தகைக்குக் கொடுத்தது வனத்துறை. கயிறு திரிக்கவும் காகிதம் செய்யவும் பயன்படும் புல் அது. கம்பி வேலி இல்லை; ஊரார் கண்ணே வேலி ஆயிற்று. ஆடுகள் குறைந்தன, எருமைகள் பெருகின, பால் பெருகிற்று. குன்றிலிருந்து இறங்கிய மண்ணும் குறைந்தது.

இயற்கைக்கு விலை வைப்பது பாவம் என்று வாதிடும் நண்பர்கள் நம் விடுதியில் உண்டு. தாய்ப்பாலுக்கு விலை உண்டோ என்று மேசையைக் குத்துவார் ஒருவர். குத்தட்டும். நம் ஊர் ஏரிகளில் மடை திறந்து நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிக்குக் களத்துமேட்டில் நெல் அளந்தார்களே, அது தண்ணீருக்கு விலையா? காவலுக்கும் உழைப்புக்கும் கூலி. சுகோமாஜ்ரியிலும் மலையை யாரும் விற்கவில்லை. மேய்ச்சலைக் கைவிட்டவனுக்கு ஈடு கிடைத்தது, அவ்வளவே.

இதனைச் சட்டமாகவே செய்த நாடு கோஸ்டாரிகா. 1996-இல் இயற்றிய வனச்சட்டத்தின்படி, எரிபொருள் வரியில் ஒரு பகுதியை எடுத்துக் காட்டைக் காக்கும் நிலவுடைமையாளருக்கு அளித்தது. நாமும் செய்யலாமே என்று தோன்றும். ஆனால் அங்கே பணம் பெறுபவன் கையில் நிலத்துக்கு உரிமை இருக்கிறது. இங்கே காடு பெரும்பாலும் அரசுடையது. காப்பவன் ஒருவன், உடையவன் வேறொருவன். ஆகவே பணம் உடையவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறது.

சான்று வேண்டுமா? காட்டுநிலத்தைச் சுரங்கத்துக்கும் சாலைக்கும் எடுப்பவர்கள் ஈட்டுத்தொகை செலுத்த வேண்டும். அப்படிச் சேர்ந்த பணத்தில் 47,000 கோடி ரூபாய்க்கு மேல் 2019 ஆகஸ்டில் மாநிலங்களுக்குப் பிரித்தளித்தது மத்திய அரசு. எவ்வளவு பெரிய தொகை! அதனைச் செலவிடும் பொறுப்பு வனத்துறைகளிடம் இருக்கிறது. அந்நிதிக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிராம சபையின் இசைவைக் கட்டாயமாக்காதது ஏன் என்று மாநிலங்களவையிலேயே கேள்வி எழுந்தது. பின்னர் வந்த விதிகள் கலந்தாலோசிப்பதோடு நின்றன. 15-ஆவது நிதிக்குழு வரிப்பங்கீட்டில் காட்டுக்கு 10 விழுக்காடு மதிப்பு அளித்தது நல்லதே. எனினும் அப்பணமும் மாநிலக் கருவூலத்தைத்தான் சேர்கிறது. புல் அறுப்பவளின் முந்தானையை எட்டுவதில்லை.

சூழலியல் பயிலும் மாணவன் என்ற முறையில் என் கருத்து இது: உரிமை முன்னே வர வேண்டும், பணம் பின்னே வர வேண்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஊராருக்குச் சமூக வன உரிமை தருகிறது. அதனை ஏட்டிலிருந்து இறக்கிக் கொடுத்த பிறகே ஊர் தன் சொற்படி ஒப்பந்தம் பேச முடியும். சுகோமாஜ்ரியில் பின்னாளில் சங்கம் தளர்ந்ததற்குப் பல காரணங்கள் சொல்வர். குத்தகையின் விதிகள் இறுதிவரை வனத்துறையின் கையிலேயே இருந்ததை நான் முதலில் வைப்பேன்.

இமாசலத்துப் பாலம்பூரைப் பாருங்கள். தன் குடிநீருக்கு ஊற்றான காட்டைக் காப்பதற்காகப் போஹல் ஊர்ச் சங்கத்துடன் 2010-இல் ஒப்பந்தம் செய்து, ஆண்டுக்கு 10,000 ரூபாய் தர இசைந்தது அந்நகர மன்றம். தொகை சிறிது, நம் விடுதி விருந்து ஒன்றுக்கும் போதாது! ஆனால் கீழூர் மேலூரைச் சமமாக அமர்த்திக் கையெழுத்திட்டது.

நம் ஏரியின் கதை வேறு. சுக்னாவை உயிருள்ள ஆளாகக் கருத வேண்டும் என்று 2020 மார்ச்சில் உயர்நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. ஏரிக்கு உரிமை சொன்னதில் மகிழ்ச்சி. அதன் குன்றுகளில் மேய்ச்சலை விட்ட குடும்பங்களுக்கு? படகுச் சீட்டு ஒவ்வொன்றிலும் சிறு பங்கை நீர்ப்பிடிப்பு ஊர்களின் சங்கங்களுக்கென ஒதுக்கும்படி நகர நிருவாகத்துக்கு நம் தமிழ் மன்றம் மனு எழுதலாம். பிற மாணவர் மன்றங்களின் கையெழுத்தையும் சேர்க்கலாம். எவ்வளவு என்பதைப் படகில் அமர்ந்திருக்கும் நாம் முடிவு செய்ய வேண்டாம். மேலூராரை அழைத்து அவர்களையே கேட்போம்.