உயிரணுவின் புறத்தையும் ஆராய வேண்டும்

எந்த நோய் எந்த ஜனங்களை எவ்வளவு பற்றுகிறது என்று கணக்கிடுவதையே கடமையாகக் கொண்ட தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இயங்கி வருகிறது. நோயுற்ற உயிரணுவுக்குள்ளேயே புகுந்து கணக்கெடுக்கும் வேறொரு முயற்சியின் பலனைச் சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் வெளியிட்டது. மார்பகப் புற்றுநோய் கண்ட 480 பேரின் மாதிரிகளிலிருந்து, புரதங்களை ஆக்கும் மரபணுப் பகுதிகளின் 960 வரிசைகளைத் தொகுத்து, 'பாரத் புற்றுநோய் மரபணு வரைபடம்' என்ற பெயரால் ஆராய்ச்சியாளர் அனைவருக்கும் திறந்து வைத்தார்கள். பாராட்டத்தக்க காரியம், ஆனால் இத்துடன் நிற்கலாகாது.

புற்றுநோய்க்கு மருந்தாகத் தரப்பட்டு இரத்தத்தின் வழியே செல்லும் ஆன்டிபாடி என்னும் புரதம், உயிரணுவினுள் எளிதில் நுழைய இயலாதாகையால், அதன் மேற்பரப்பில் நிற்கும் புரதத்தையே அது பற்ற வேண்டியிருக்கிறது. சில மார்பகக் கட்டிகளில் ஹெர்-2 என்னும் மரபணு மிதமிஞ்சிப் பெருகியிருப்பதையும், அத்தகையோருக்கு நோய் உக்கிரமாயிருப்பதையும் ஆராய்ச்சியாளர் டெனிஸ் ஸ்லாமன் குழுவினர் 1987-இல் காட்டினர். அம்மரபணு ஆக்கும் மேற்பரப்புப் புரதத்தைப் பற்றும் டிராஸ்டுஸுமாப் என்னும் ஆன்டிபாடி மருந்து 1998-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்று, எத்தனையோ பெண்களின் ஆயுளை நீட்டித்தது.

ஆயினும் மரபணுவின் எழுத்துகளை மட்டும் படித்து, எந்தப் புரதம் எவ்வளவு உண்டாயிற்று, அது புறத்தே வந்து நிற்கிறதா என்று அறிய முடியாது, மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ.யையும் புரதத்தையும் தனியே அளந்தாக வேண்டும். அதனினும் முக்கியம், அதே புரதம் நலமான அவயவங்களில் சொற்பமாகவேனும் இருக்கிறதா என்பது. ஹெர்-2-ஐத் தாக்குமாறு மாற்றியமைத்த வெள்ளணுக்களைப் பெற்ற அமெரிக்க நோயாளி ஒருவர் ஐந்தே நாட்களில் இறந்தார். நுரையீரலில் மிகக் குறைவாயிருந்த அப்புரதத்தையும் அவ்வணுக்கள் தாக்கியதே காரணமாகலாம் என்று மருத்துவர்கள் 2010-இல் எழுதினர். நலமான திசுக்களைப் பற்றி உலகம் பெரிதும் நம்பியிருக்கும் அமெரிக்கத் தரவுத் தொகுப்புக்குத் திசு ஈந்தவர்களோ பெரும்பாலும் வெள்ளையர்கள்; ஆகவே நம் மக்களின் திசுக்களையே நாம் அளந்தாக வேண்டும்.

ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் விடியுமுன் பஸ் ஏறிச் சிகிச்சைக்குச் செல்லும் நம் பெண்களின் கட்டிகளோ, அறுத்தெடுத்தபின் வழக்கம்போல் பார்மலின் என்னும் பதப்படுத்தும் திரவத்தில் இடப்படுகையில், ஆர்.என்.ஏ. பெரிதும் சிதைந்து போகிறது. நோயாளியின் சம்மதத்தோடு, கட்டியின் ஒரு துண்டையும் அருகிலுள்ள நலமான திசுவையும் அறுவைக்கூடத்திலேயே உறையவைக்கும் வசதியை அரசு மருத்துவமனைகளுக்கு அளித்து, அவற்றை ஆராயும் பொருளுதவியையும் மத்திய, மாநில அரசுகள் வரும் நிதிநிலை அறிக்கையிலேயே ஒதுக்க வேண்டும்.