தமிழ்ப் பொருள் மட்டும் போதுமா?

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் பலரும் ஆங்கிலம்-தமிழ் அகராதி ஒன்றை இன்ஸ்டால் செய்து, சொற்களை மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நன்றாக மாட்டிக் கொண்டேன்.

எங்கள் ஆசிரியர் ஓய்வு பெற்றபோது ஆங்கிலத்தில் வாழ்த்து மடல் டைப் செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. ‘நொட்டோரியஸ்’ என்ற சொல்லுக்கு என் அகராதி ‘பெயர் போன’ என்று காட்டியது. அதையே அவர் பெயருக்கு முன்னால் போட்டு, பிரிண்ட் எடுத்து, பிரேம் போட்டுக் கொடுத்தேன். படித்தவர், “ஏம்ப்பா, நான் என்ன திருடனா?” என்றார். கெட்ட காரியத்தால் பெயர் பெற்றவரைக் குறிக்கும் சொல் அது! ஸ்பெல் செக்கரும் சிவப்புக் கோடு போடவில்லை. எழுத்துக்கள் சரியாகத்தானே இருந்தன.

அன்று முதல் ஆங்கிலத்தில் தரப்படும் விளக்கத்தையும் படிக்கிறேன். புரியாதே என்று பயப்பட வேண்டாம். ஆங்கிலம் கற்பவர்களுக்காக 1978ல் வெளியான லாங்மேன் அகராதி, சுமார் 2,000 எளிய சொற்களைக் கொண்டே மற்ற சொற்களை விளக்கியது. இன்று அதனை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

தினமும் இருபது சொற்கள் வேண்டாம்; இரண்டு போதும். விளக்கத்தையும் எடுத்துக்காட்டையும் படித்து, சொந்தமாக ஒரு வாக்கியம் டைப் செய்து சேவ் செய்யுங்கள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லைக் கடிதத்தில் பயன்படுத்துங்கள்.