எங்க ஊருக்கு எத்தனை எழுத்து?



"மச்சான், புராஜெக்ட்டுக்கு பைத்தானா, பி.எச்.பி.யா, ஜாவாஸ்கிரிப்டா?" இறுதியாண்டு தொடங்கியதும் நம் கேன்டீனில் நடக்கிற பட்டிமன்றம் இதுதான். ஒருவன் வேலைவாய்ப்பைச் சொல்வான். ஒருவன் வேகத்தைச் சொல்வான். இன்னொருத்தன், சீனியர் விட்டுப்போன பழைய புராஜெக்ட் எதில் இருக்கிறதோ அதைச் சொல்வான். (கடைசியில் ஜெயிப்பது பெரும்பாலும் இவன்தான்!) இந்தப் பட்டிமன்றத்தில் எனக்கும் ஒரு கட்சி உண்டு. எந்த மொழியை எடுத்தாலும், எந்த லைப்ரரியை இறக்கினாலும், முதலில் அதனிடம் எங்க ஊர்ப் பெயரைக் கொடுத்து, "இதுல எத்தனை எழுத்து, சொல்லு பாப்போம்" என்று கேளுங்கள்.

எங்க ஊர் கரிக்கலாம்பாக்கம். விரல் விட்டு எண்ணுங்கள். க, ரி, க், க, லா, ம், பா, க், க, ம். பத்து எழுத்து. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை சொல்லிவிடும்.

பி.எச்.பி.யின் 'ஸ்ட்ர்லென்' என்ன சொல்கிறது தெரியுமா? 51! பைத்தானின் 'லென்' 17 என்கிறது. ஜாவாஸ்கிரிப்டும் ரூபியும் அதே 17. பி.எச்.பி.யிலேயே 'எம்பி' முன்னொட்டு போட்ட செயலியை அழைத்தால் அதுவும் 17-க்கு வந்துவிடும். பைட்டை எண்ணினால் 51, யூனிக்கோடு குறிகளை எண்ணினால் 17. ஒரு தமிழ்க் குறிக்கு யூ.டி.எஃப்.-8 முறையில் மூன்று பைட், மூன்று பதினேழு ஐம்பத்தொன்று. கணக்கு சரிதான். எழுத்துதான் தப்பு. 'ரி' நமக்கு ஓரெழுத்து. கணினிக்கு 'ர' ஒன்று, இகரக் குறி ஒன்று. 'க்' என்பதில் புள்ளிக்குத் தனியா ஒரு எண்.

"இதுக்கெல்லாம் போயி ஒரு கட்டுரையா?" என்று நினைக்காதீர்கள். நான் சூடுபட்ட கதையைக் கேளுங்கள்.

எங்க பக்கத்துல ஒரு பால் சொசைட்டி. உறுப்பினர் பெயர்ப் பட்டியலை நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றித் தரச் சொன்னார்கள். நான் பெருமையாக பைத்தானில் எழுதினேன். 'சார்ட்டட்' என்று ஒரே சொல், பட்டியல் அகர வரிசையில் வந்துவிட்டது, பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டேன். மறுநாள் ஒரு பெரியவர் வந்தார். அவர் பெயர் 'மண்' என்று தொடங்கும் அந்தக் காலத்துப் பெயர். பழைய நோட்டில் எல்லா 'மணி'க்கும் முன்னால்தான் அவர் பெயர் இருக்கும். சுவரில் அந்த இடத்தில் விரலை வைத்துத் தேடினார். இல்லை. "என் பேர அடிச்சிட்டாங்களா தம்பி?" என்று ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள்... பெயர் இருந்தது. எல்லா மணிகளும் முடிந்த பிறகு அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் எடுத்துக் காட்டுவதற்குள் அவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

தப்பு என்னுடையதுதான். வெறும் 'சார்ட்டட்' யூனிக்கோடு எண்ணை வைத்து அடுக்கும். அதில் புள்ளிக்கான எண் எல்லா உயிர்மெய்க் குறிகளுக்கும் பின்னால் இருக்கிறது. நம் அகராதியில் 'மண்' முதலில், 'மண', 'மணி' பிறகு. மணவெளியையும் மண்ணாடிப்பட்டையும் கொடுத்துப் பாருங்கள். மண்ணாடிப்பட்டு முன்னால் வர வேண்டும், ஆனால் மணவெளி முந்திக்கொள்ளும். எங்க ஊரும் தப்பவில்லை. ரகரம் வந்து எத்தனையோ எழுத்து தாண்டித்தானே கடைசியாக றகர, னகரம்? அப்படிப் பார்த்தால் கரிக்கலாம்பாக்கம் முன்னே, கன்னியக்கோவில் பின்னே. யூனிக்கோடில் 'ன' 'ந'வுக்கு அடுத்த வீடு! அதனால் கன்னியக்கோவில் ஜன்னல் சீட்டில், நாங்கள் பின்னால்.

இந்தக் குழப்பத்தின் வேர் பழையது. 1991-ல் வந்த யூனிக்கோடு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளின் எழுத்துகளை 1988-ன் 'இஸ்கி' தரத்தின் அடுக்கில் வைத்தது. எல்லா மொழிக்கும் ஒரே சட்டம், அதில் நம் 'ன', 'ற', 'ழ' மூன்றும் வேறு எழுத்துகளின் பக்கத்தில் ஒட்டுக் குடித்தனம். இனி அதை மாற்ற மாட்டார்கள். சரிசெய்ய வேண்டியது மேலே ஓடுகிற லைப்ரரி. ஆகவேதான் நம் பட்டிமன்றத்தின் உண்மையான கேள்வி 'எந்த மொழி' என்பதல்ல, 'எந்த லைப்ரரி' என்பது.

எழுத்து எண்ணுவதில் எனக்கு வியப்பாக இருந்தது பெர்ல். 1987-ல் வந்த கிழவன், நம்மில் யாரும் தொடுவதில்லை. அதன் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் சாய்கோடும் பெரிய எக்ஸும் போட்டால் ஒரு முழு எழுத்தைப் பிடிக்கும். எங்க ஊர் பத்தாகவே வருகிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். (நிரலில் யூ.டி.எஃப்.-8 என்று சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அதுவும் 51 என்கும்.) ரூபியில் 2.5 பதிப்பிலிருந்து 'கிராபீம் கிளஸ்டர்ஸ்' உண்டு. பி.எச்.பி.யில் 'இன்டில்' இணைப்பைப் போட்டால் 'கிராபீம்' செயலிகள் கிடைக்கும். ஜாவாஸ்கிரிப்டில் 'இன்டில் செக்மென்ட்டர்'. எல்லாம் பத்து!

நாம் கொண்டாடும் பைத்தான்? 3.14 வரை அதன் சொந்த சரக்கில் இதற்கு வழியில்லை. அதுமட்டுமா! 'சொல்லைப் பிடி' என்று அதன் 'ஆர்.இ.' மாட்யூலில் சாய்கோடும் சின்ன டபிள்யூவும் கொடுத்தால், எங்க ஊரை ஏழு துண்டாக வெட்டுகிறது: கர, க, கல, ம, ப, க, கம. கொம்பு, கால், புள்ளி எதுவும் அதன் கண்ணுக்கு எழுத்தே இல்லை. பெர்ல் முழுப்பெயரையும் ஒரே சொல்லாகப் பிடிக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் சின்ன டபிள்யூ இன்னும் மோசம், ஆங்கிலத்தைத் தவிர எதையும் பார்க்காது.

அப்படியென்றால் பைத்தானை விட்டுவிடலாமா? வேண்டாம். வெளியிலிருந்து 'ரெஜெக்ஸ்' என்ற மாட்யூலை இறக்கினால் பெரிய எக்ஸ் அதிலும் உண்டு. அதைவிட நமக்கு நெருக்கமானது 'ஓப்பன் தமிழ்'. எழுத்தாகப் பிரிப்பது, அகராதி வரிசையில் ஒப்பிடுவது எல்லாம் அதில் இருக்கிறது. அதன் மூலநிரலைத் திறந்து பார்த்த அன்று எனக்கு ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்குள் போன மாதிரி இருந்தது. மாறிகளின் பெயரே உயிர், மெய், அகரம், புள்ளி! திறமூலம் என்றால் 'காசில்லாமல் கிடைப்பது' என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். எங்கே தப்பு என்று நாமே திறந்து பார்க்கலாம் என்பது அன்றுதான் உறைத்தது.

வரிசைப்படுத்த 'பை-ஐ.சி.யூ.' என்று இன்னொன்று உண்டு. வேலை சுத்தம். ஆனால் விண்டோஸில் நிறுவுவதற்குள் லேப் பீரியட் முடிந்துவிடும். பட்டியல் போடுவதுதான் வேலை என்றால் என் ஓட்டு ஜாவாஸ்கிரிப்டுக்கு. 'இன்டில் கொலேட்டர்' பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது, தமிழ் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பால் சொசைட்டிப் பட்டியலை அதில்தான் திருப்பி அடித்துக் கொடுத்தேன்.

நட்சத்திரத்தை எண்ணி லைப்ரரி எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மொழி ஆய்வுக்கு உலகமே சொல்லும் பெயர் என்.எல்.டி.கே. அதிலுள்ள இந்திய மொழித் தொகுப்பில் வங்காளம், இந்தி, மராத்தி, தெலுங்கு இருக்கின்றன. தமிழ் இல்லை! விகுதியை வெட்டி வேர்ச்சொல் எடுக்கிற 'ஸ்னோபால்' கருவியில் தமிழ் உண்டு, ஆனால் என்.எல்.டி.கே. தன்னுள் வைத்திருக்கும் ஸ்னோபாலில் அது கிடையாது. பெயர் பெரிதாக இருந்து என்ன பயன்? தனி ஸ்னோபாலை இறக்கிக்கொள்ளுங்கள்.

"இங்கிலீஷ்லயே பேரைப் போட்டா முடிஞ்சுதே" என்று ஒரு நண்பன் சொன்னான். முடியும். பால் ஊற்ற வருகிறவர்களுக்கு அதைப் படித்துக் காட்ட அவன் தினம் காலை ஐந்து மணிக்குச் சொசைட்டிக்கு வருவானா?

நான் ஒரு சோதனைக் கோப்பு வைத்திருக்கிறேன். இப்போதைக்கு அதில் கரிக்கலாம்பாக்கம், கன்னியக்கோவில், மணவெளி, மண்ணாடிப்பட்டு, தொண்டமாநத்தம் இருக்கின்றன. (தொண்டமாநத்தம் எதற்கு? 'தொ'வின் குறியை ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு வேறு ஊர். 'நார்மலைஸ்' பண்ணாமல் ஒப்பிட்டால் தேடல் கோவிந்தா!) புது லைப்ரரி எது வந்தாலும் முதலில் இந்தக் கோப்பைத்தான் ஓட்டுகிறேன். உங்க ஊர்ப் பேரில் ஏதாவது சிக்கல் எழுத்து இருந்தால் மூன்றாமாண்டு லேபில் வந்து சொல்லுங்கள். 'க்ஷ', 'ஸ்ரீ' வருகிற பெயர் இருந்தால் ரொம்ப நல்லது, அந்தப் பெரிய எக்ஸ்கூட அவற்றை இரண்டாகத்தான் வெட்டுகிறது.

— மூன்றாமாண்டு, கணினிப் பொறியியல் மாணவன், கரிக்கலாம்பாக்கம்