கொல்லிமலை: யாருக்குத் தெரியாத ஊரு?

நண்பர் ஒருத்தர், சேலத்துக்காரர், ரெண்டு தடவை ஐரோப்பா போய்ட்டு வந்தவர். போன வாரம் போன்ல ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். "யாருக்கும் தெரியாத பத்து ஐரோப்பிய ஊர்கள்". ஊரே பாரிசுக்கும் ரோமுக்கும் போகட்டும், நாம வேற பக்கம் போவோம்ங்கற வழக்கமான சங்கதிதான். பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "கொல்லிமலை போயிருக்கீங்களா?"

"அங்க என்னங்க இருக்கு? எழுபது வளைவு, ஒரு அருவி. அவ்ளோதானே?"

சுருக்குன்னு இருந்துச்சு. சேலத்துல காலைல கிளம்பினா மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி போய்ச் சேர்ற மலைங்க அது.

சரி, என்னதான் இருக்கு? காரவள்ளி அடிவாரத்துல இருந்து 70 கொண்டை ஊசி வளைவு, அது எல்லாருக்கும் தெரியும். மேல அறப்பளீஸ்வரர் கோயில் இருக்கு. அங்கிருந்து ஆயிரம் படிக்கு மேல இறங்கினா ஆகாய கங்கை. முந்நூறு அடி உயரத்துல இருந்து ஐயாறு விழுது. இறங்கறது சுலபம், ஏறும்போது குலதெய்வம் எல்லாம் வரிசையா ஞாபகத்துக்கு வரும் :-) கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஒரே அம்புல யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு அஞ்சையும் அடிச்சவன்னு புறநானூற்றுல வன்பரணர் பாடி வெச்சிருக்கார். கொல்லிப்பாவை கதை தனி. ஆடிப்பெருக்கு சமயத்துல இன்னிக்கும் செம்மேட்டுல ஓரிக்கு விழா எடுக்கறாங்க.

ரெண்டாயிரம் வருஷமா பாட்டுல இருக்கற மலையைப் போய் 'யாருக்கும் தெரியாத இடம்'னு சொன்னா எப்படிங்க? 2011 கணக்கெடுப்புப்படி கொல்லிமலையில சுமார் 40 ஆயிரம் பேர் இருக்காங்க. பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். கேரளாக்காரங்கன்னு நினைச்சுக்காதீங்க, வீட்ல பேசறது தமிழ்தான். அவங்களுக்குத் தெரியாதா அவங்க ஊரை? 'தெரியாத இடம்'னா நம்மள மாதிரி கார்ல வர்றவனுக்குத் தெரியாத இடம்னுதான் அர்த்தம். ஐரோப்பாவா இருந்தாலும் இதே கதைதான்.

கடைசியா நான் போனது பஸ்ல. நாமக்கல்ல ஏறினேன். பக்கத்து சீட்ல ஒரு ஆயா, மடியில பை. முப்பதாவது வளைவுல என் முகம் போன போக்கைப் பார்த்துட்டு, பையில இருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து "மோந்துக்க சாமி"ன்னு குடுத்தாங்க. அப்படியே பேச்சு ஆரம்பிச்சுது. "இப்பவும் சாமை போடறீங்களா ஆயா?"ன்னு கேட்டேன்.

"எங்க சாமி.. குச்சிக்கெழங்கு போட்டா லாரி வந்து ஏத்திக்கிட்டுப் போவுது, காசு கையில. சாமைய ஒரல்ல போட்டு யாரு குத்தறது? எங்கம்மாவோட போச்சு அதெல்லாம்."

கொல்லிமலையோட உண்மையான கதை இதுக்குள்ளதான் இருக்கு. சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகுன்னு விளைஞ்ச மலை இது. கீழ சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டியிருந்துச்சு. மரவள்ளி மேல ஏறிடுச்சு. விலை கிடைச்சது ஒரு காரணம். உமி நீக்கற வேலை மொத்தமும் பொம்பளைங்க தலையில விழுந்தது இன்னொரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள்ல இருந்து அங்க சிறுதானியத்தைக் காப்பாத்த வேலை செஞ்சுது. ஊருக்குள்ளயே அரைக்கற சின்ன மெஷின், சுயஉதவிக் குழு, விதை சேமிப்புன்னு பல முயற்சி. 2023ஐ ஐ.நா.வே சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சுது. ஆனா அன்னிக்கு மேல நான் ஏறி இறங்கின மூணு ஓட்டல்லயும் சாமைச் சோறு இல்ல. "பரோட்டா சூடா இருக்கு சார்"னாங்க. அவங்களைச் சொல்லி என்ன பண்றது? நாமதானே அதைக் கேக்கறோம்.

"அப்ப கூட்டமா கிளம்பிப் போகச் சொல்றியா?"ன்னு கேப்பீங்க. அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. ஆஸ்திரியாவுல ஹால்ஷ்டாட்னு ஏரிக்கரைக் கிராமம், ஆயிரம் பேர்கூட கிடையாது. அழகான போட்டோ உலகம் பூரா சுத்தினதுல, சீசன்ல ஒரே நாள்ல பத்தாயிரம் பேர் வரைக்கும் வந்து இறங்கினாங்க. 2023ல செல்ஃபி எடுக்கற இடத்துல மரத்தடுப்பு வெச்சுப் பார்த்தாங்க, எதிர்ப்பு வந்ததும் எடுத்துட்டாங்க. அதே வருஷம் ஊர்க்காரங்களே தெருவுல இறங்கிப் போராடினாங்க. அவ்ளோ தூரம் எதுக்கு? நம்ம ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7ல இருந்து இ-பாஸ். 2025 கோடையில ஊட்டிப் பக்கம் சாதாரண நாள்ல 6 ஆயிரம் வண்டி, வார இறுதியில 8 ஆயிரம்தான்னு நீதிமன்றமே எண்ணிக்கை சொல்ல வேண்டியதாப் போச்சு. அங்க இடம் கிடைக்காத வண்டி அடுத்து எங்க திரும்பும்னு யோசிச்சுப் பாருங்க.

அதோட அறிகுறி இப்பவே தெரியுது. முடவாட்டுக்கால் கிழங்கு சூப் கேள்விப்பட்டிருப்பீங்க. அது பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்ற ஒரு பெரணிச் செடியோட தண்டு. மேல ஆட்டுக்கால் மாதிரி முடி இருக்கும். வயல்ல நட்டு எடுக்கற பயிர் இல்ல, காட்டுல இருந்து உரிச்சுட்டு வர்றது. ஆளாளுக்கு ரெண்டு கிலோ கட்டிக்கிட்டு இறங்கினா அந்தப் பாறை எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அதுக்காக யார்கிட்டயும் சொல்லாம மூடி வெச்சுக்கலாம்னு நான் சொல்ல மாட்டேன். அது கார் வெச்சிருக்கறவனோட சுயநலம். தான் பார்த்த இடத்தை இன்னொருத்தன் பார்க்கக்கூடாதுங்கற புத்தி. ஆயாவுக்கு வேண்டியது ரகசியம் இல்லீங்க, விலை.

அதனால என் கட்சி இதுதான். போங்க. ஆனா வளைவு எண்ணிட்டு சாயங்காலமே இறங்காதீங்க, ரெண்டு ராத்திரி தங்குங்க. முடிஞ்சா பஸ்ல போங்க. ஓட்டல்ல உக்காந்ததும் சாமைச் சோறு இருக்கான்னு கேளுங்க. இல்லேன்னாலும் கேளுங்க. பத்து பேர் கேட்டா பதினோராவது ஆளுக்கு அது இலையில வரும். சோளக்காடு சந்தையில மிளகு, பலாப்பழம், மலைவாழை வாங்குங்க, பேரம் பேசாம. சூப்பு ஒரு டம்ளர் குடிங்க, கிழங்கை மட்டும் விட்டுட்டு வாங்க.

நண்பருக்கு இதையெல்லாம் போன்லயே சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "சரி, எலுமிச்சம்பழம் எத்தனை எடுத்துக்கணும்?"னார்.

எழுபது வளைவுக்கு ஒண்ணு போதும்னு சொல்லியிருக்கேன். பக்கத்து சீட்ல யாருக்காவது வேணும்னா குடுக்க, கூட ஒண்ணு.