அன்பு மட்டும் போதாது

எங்கள் பாட்டி வீட்டில் ஒரு பூனை இருந்தது. பாட்டி சுத்த சைவம். அதனால் பூனைக்கும் தினமும் தயிர்சாதம்தான். அதைச் சாப்பிட்டே பத்து வருடத்துக்கு மேல் கொழுகொழுவென்று வாழ்ந்தது. "பூனையைக்கூட சைவமா வளர்த்துட்டேன் பாத்தியா" என்று பாட்டிக்கு ஒரே பெருமை! ராத்திரி கொல்லைப்புறத்தில் அது என்ன செய்தது என்பது எலிகளுக்குத்தான் தெரியும்.

கல்லூரியில் உடலியங்கியல் படிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்த எலிகளின் அருமை எனக்குப் புரிந்தது. டாரின் என்று ஒரு சத்து இருக்கிறது. நம் உடல் அதை ஓரளவு தானே தயாரித்துக்கொள்கிறது. பூனையின் உடலால் தனக்குப் போதுமான அளவு தயாரிக்க முடியாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் அதற்குக் கிடைக்க வேண்டும். குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும். இதயத் தசை பலமிழந்து இதயம் பெரிதாகிவிடும். சினைப்பூனைக்குக் குறைந்தால் வயிற்றில் இருக்கும் குட்டிகளின் வளர்ச்சியே பாதிக்கப்படும்.

இத்தனைக்கும் இதய விஷயம் தெளிவாகத் தெரிந்தது 1987-ல்தான். அமெரிக்காவில் கடையில் வாங்கிய பூனை உணவை மட்டும் தின்று வளர்ந்த பூனைகளுக்கு இதயநோய் வந்தது. ரத்தத்தைச் சோதித்தால் டாரின் குறைவு. அதைக் கொடுத்தார்கள், இதயம் தேறியது. அதற்குப் பிறகு பூனை உணவில் டாரினைக் கூட்டிச் சேர்க்க ஆரம்பித்தார்கள். அந்தப் பூனைகளை வளர்த்தவர்கள் யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. காசு கொடுத்து நல்ல சாப்பாடு என்று நம்பி வாங்கிப் போட்டவர்கள்.

இதுதான் என்னை யோசிக்க வைத்தது. மிருகவதை என்றதும் நமக்கு அடிப்பதும் பட்டினி போடுவதும்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் ஆசையாகச் செய்யும் காரியங்களும் ஒரு விலங்கின் உடலைக் கெடுத்துவிடும்.

யானையைப் பாருங்கள். ஐரோப்பிய மிருகக்காட்சிசாலைகளில் 1960 முதல் 2005 வரை இருந்த யானைகளின் விவரங்களை வைத்து ஒரு ஆய்வு 2008-ல் வெளியானது. அங்கே பிறந்த ஆசியப் பெண் யானைகளின் ஆயுள் நடுமதிப்பு 18.9 வருடம். மியான்மரில் மரம் இழுக்கும் வேலை செய்த, மனிதர்களிடமே பிறந்த பெண் யானைகளுக்கு 41.7 வருடம்! வேலைக்கார யானை, வேளாவேளைக்குச் சாப்பாடும் வைத்தியரும் உள்ள யானையைவிட இரண்டு மடங்குக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. வேலை முடிந்ததும் அதைக் காட்டில் மேய விடுவார்கள். அங்கே அது நடக்கும், தேடித் தின்னும், மற்ற யானைகளோடு இருக்கும். மிருகக்காட்சிசாலை யானைக்கு உடல் பருமனும் மன அழுத்தமும் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. காட்டில் பிறந்து பிடித்து வரப்பட்ட ஆசிய யானைகளைவிட மிருகக்காட்சிசாலையிலேயே பிறந்தவை சீக்கிரம் இறந்தன என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அடைபட்ட வாழ்க்கை குட்டிப்பருவத்திலேயே உடலில் ஏதோ எழுதிவிடுகிறது.

நம் ஊர் கோயில் யானைகளை நினைத்துக்கொள்ளாமல் இதைப் படிக்க முடியவில்லை. சிமெண்ட் தரை, காலில் சங்கிலி, பக்தர்கள் நீட்டும் வாழைப்பழம், வெல்லம். எல்லாம் பக்திதான், பாசம்தான். தமிழ்நாட்டில் 2003-ல் கோயில் யானைகளுக்குப் புத்துணர்வு முகாம் தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் சில வாரம் காட்டோரம் கூட்டிப்போனால்தான் யானை தேறும் என்றால், மீதி மாதங்களில் அதற்கு என்ன நடக்கிறது என்று நாமே ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

மூன்றாவது கதை இன்னும் சோகம். மாட்டுக்கு வலி, வீக்கம் என்றால் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டார்கள். மாட்டின் மேல் உள்ள அக்கறைதான். அந்த மாடு செத்துப்போய், அதைப் பிணந்தின்னிக் கழுகுகள் தின்றால் அவற்றின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். யூரிக் அமிலம் வெளியேறாமல் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசினாற்போல் படியும். சில நாளில் கழுகு விழுந்துவிடும். பாகிஸ்தானில் நடந்த ஆய்வு இதை 2004-ல் வெளிக்கொண்டு வந்தது. அதற்குள் எவ்வளவோ போய்விட்டது. இந்தியாவில் வெண்முதுகுக் கழுகுகள் 1992-க்கும் 2007-க்கும் இடையில் 99.9 சதவீதம் குறைந்தன. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று! தமிழ்நாட்டில் இன்று அவற்றைப் பார்க்க நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான் போக வேண்டும்.

"அப்படியானால் மாட்டுக்கு மருந்தே கொடுக்கக் கூடாதா? பூனையே வளர்க்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. டைக்ளோஃபெனாக்கை மாடுகளுக்குப் பயன்படுத்த இந்தியா 2006-ல் தடை விதித்தது. கழுகுக்குக் கெடுதல் செய்யாத மெலாக்சிகாம் மருந்து இருக்கிறது. ஆனால் கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்ற வேறு இரண்டு மருந்துகளைத் தடை செய்ய 2023 ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் பறவை செத்த பிறகுதான் விழிக்க வேண்டுமா? கால்நடை மருந்தை அனுமதிக்கும் முன்பே, அந்தப் பிணத்தைத் தின்னப் போகும் பறவைக்கு அது என்ன செய்யும் என்று சோதித்தால் என்ன?

பூனைக்கு ஒரு சத்தைச் சேர்த்தோம், சரியானது. மாட்டுக்கு ஊசியை மாற்றினால் போதும். யானைக்குத்தான் அப்படி ஒரு சுலப வழி இல்லை. அதற்குத் தேவை இடமும் நடையும் கூட்டமும். அதை எந்தக் கோயில் பிரகாரத்திலும் கொடுக்க முடியாது. ஆகவே என் கருத்து இதுதான்: இப்போது இருக்கும் யானைகளுக்கு மண்தரையும் தினசரி நடையும் துணைக்கு இன்னொரு யானையும் கொடுப்போம். புதிதாக ஒரு குட்டியைக்கூட இனி கோயிலுக்குக் கொண்டுவர வேண்டாம். பக்தி குறைந்துவிடாது.

இன்று அடுக்குமாடிக் குடியிருப்பில் கதவைப் பூட்டிக்கொண்டு பூனைக்குத் தயிர்சாதம் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மீனோ இறைச்சியோ, சரியான பூனை உணவோ கொடுக்க மனம் வரவில்லையென்றால் முயல் வளர்க்கலாமே. எங்கள் பாட்டியின் பூனை பிழைத்ததற்குக் காரணம் தயிர்சாதமா, திறந்தே கிடந்த கொல்லைக் கதவா? நீங்களே சொல்லுங்கள்.