ஆராய்ச்சி யாருக்கு?

வயிற்றுக்கு வழியில்லாதவனுக்கு வானத்து ஆராய்ச்சி எதற்கு என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் குற்றவாளி வானநூல் அல்ல.

1876-78இல் சென்னை ராஜதானியில் கொடிய பஞ்சம். லட்சக்கணக்கானோர் மடிந்தனர். அப்போதும் இந்தியத் தானியம் கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. மழை பொய்ப்பது ஏன் என்று அறியச் சூரியனை ஆராய வேண்டும் என்ற பேச்சு அதன் பிறகே வலுத்தது. 1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் அங்கே எவர்ஷெட் கண்டுபிடித்தார். அரிய கண்டுபிடிப்பு, போற்றுவோம். ஆனால் பஞ்சத்தில் ஜனங்களைக் கொன்றது பொய்த்த மழை மட்டுமல்ல, தானியத்தைக் கப்பலேற்றிய ஆட்சியும்தான்.

நம் தஞ்சைக்கு வருவோம். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இல் தொடங்கப்பட்டது. 1960-களில் அது தந்த ஏ.டி.டி. 27 ரகத்தால் குறுவை மகசூல் உயர்ந்தது. களத்தில் நெல் குவிந்தது. கூலி உயர்வு கேட்டுப் போராடியவர்களுக்குக் கிடைத்தது என்ன? 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். விதை குற்றம் செய்யவில்லை. விளைச்சலைப் பங்கிட்ட முறைதான் குற்றம்.

ஆகவே, ஆராய்ச்சி வேண்டாம் என்பது நம் கோஷமல்ல. நம் வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியில் நம் கேள்விக்கும் இடம் வேண்டும். நாளெல்லாம் குனிந்து நடவு நடும் பெண்ணின் இடுப்புவலி, பஞ்சுத் தூசி சுவாசிக்கும் ஆலைத் தொழிலாளியின் மார்புநோய், படிப்பைப் பாதியில் விட்ட குழந்தை – இவையும் ஆராய்ச்சிக்கு உரியவையே. சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் கூலிக்கு அடுத்த வரியாக இதையும் எழுதுங்கள்!